வாசல் மணிக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது?



சில வாரங்களுக்கு முன் எமது தெருவில் உள்ள ஒரு மாமியின் வீட்டுக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். மாமா மௌத்தாகி இரண்டு வருடங்கள். மகன் கட்டாரில். பகலில் பேரப்பிள்ளைகள் வந்து போவார்கள். மஃரிபுக்குப் பிறகு மாமி தனியேதான். கேற்றைத் தட்டுவது யார் என்று தெரியாமல் உம்மா கதவைத் திறக்க வேண்டியிருக்கிறதே என்ற கவலையில் மகன் ஒரு வீடியோ டோர்பெல் வாங்கி, லீவில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பட்டரியிலும் வேலை செய்யும், வயரிலும் கொழுவலாம் என்ற வகை.

பழைய அழைப்பு மணியின் இரண்டு வயர்களில் இதை இணைக்கலாம் என்று கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். மாமி வீட்டுக் கேற்றுத் தூணிலும் ஒரு பழைய பெல் சுவிட்ச் இருந்தது. உள்ளே இருந்த மணி பழுதாகிப் பல வருடம். உதவிக்கு வந்திருந்த தம்பி, "ரெண்டு வயரும் இரிக்கிதானே சேர், கொழுவினாச் சரி" என்று சுவிட்சைக் கழற்றத் தொடங்கிவிட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு டெஸ்டரை வைத்துப் பார்த்தோம். எரிந்தது. மீற்றரை வைத்தால் 230 வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டியது. கையேட்டில் அந்தக் கருவி தாங்கும் அளவு 8 முதல் 24 வோல்ட் என்று இருந்தது.

அதைக் கொழுவியிருந்தால் மகன் உழைத்த காசு ஒரு நொடியில் புகையாகப் போயிருக்கும். அது சிறிய நட்டம். மழையில் நனையும் தூணில், வருகிறவர் எல்லோரும் விரல் வைக்கிற இடத்தில், இவ்வளவு கரண்டைத் தாங்கும்படி செய்யப்படாத ஒரு பெட்டிக்குள் 230 வோல்ட்டைக் கொண்டு வந்து வைத்திருப்போம். உம்மாவின் பாதுகாப்புக்காக வாங்கிய பொருள் அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகியிருக்கலாம். அல்லாஹ் காப்பாற்றினான்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு கேள்வி விடவில்லை. அந்தக் கையேட்டை எழுதியவர்களின் ஊரில் 'மணி வயர்' என்றால் 16 அல்லது 24 வோல்ட். எமது ஊரில் 'மணி வயர்' என்றால் 230. ஒரே பெயர், ஒரே வேலை. ஏன் இந்த வித்தியாசம்? தேடிப் பார்த்தபோது இது ஒரு நீண்ட வரலாறு என்று தெரிந்தது. எமது ஊரில் பலர் இப்போது இந்தக் கருவியை வாங்குவதால், படித்ததைப் பகிர்ந்துகொள்கிறோம்.

மணிக்கு முன்பிருந்தே தொடங்குவோம். வாசலில் நிற்பவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் இடையிலான ஒழுங்கை எமது மார்க்கம் எப்போதோ சொல்லித் தந்துவிட்டது. அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது சூரத்துந் நூரில் உள்ள கட்டளை. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற ஹதீஸை அபூ மூஸா அல்அஷ்அரி (ரழி) அவர்கள் சொன்னபோது, உமர் (ரழி) அவர்கள் அதற்குச் சாட்சி கேட்ட சம்பவம் பலருக்குத் தெரியும். ஜாபிர் (ரழி) அவர்கள் ஒரு கடன் விடயமாக வந்து கதவைத் தட்டி, யார் என்று கேட்கப்பட்டபோது 'நான்' என்று மட்டும் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்றும் ஹதீஸில் வருகிறது. வந்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். 'நான்' என்பது பதில் ஆகாது.

எமது மூத்தவர்களின் காலத்து வாசல் இந்த ஒழுங்கில்தான் நடந்தது. கிடுகு வேலி, ஒரு படலை. படலைக்கு வெளியே நின்று ஒரு ஸலாம், அல்லது ஒரு செருமல். உள்ளே உம்மாமார் முக்காட்டைச் சரிசெய்துகொள்ள அந்த நேரம் போதும். பிறகு "ஆரு?" என்ற குரல். அந்த வாசலுக்கு வயரும் தேவைப்படவில்லை, கரண்டும் தேவைப்படவில்லை. வேலி மதிலாகவும் படலை இரும்புக் கேற்றாகவும் மாறி, வீடு உள்ளே தள்ளிப் போனபோதுதான் குரல் எட்டாமல் போயிற்று.

ஐரோப்பாவில் இந்தப் பிரச்சினை முன்பே வந்துவிட்டது. இங்கிலாந்தின் பெரிய மாளிகைகளில் வாசலில் ஒரு பிடியை இழுத்தால், சுவருக்குள் ஓடும் கம்பியும் அதன் மூலைகளில் உள்ள நெம்புகளும் அசைந்து, வேலைக்காரர் பகுதியில் தொங்கும் மணி ஆடும். அதற்குச் சக்தி கொடுத்தது இழுத்தவரின் கைதான்.

மின்சாரத்தால் மணி அடித்துக் காட்டியவர் ஓர் ஆசிரியர் என்பதை வாசித்தபோது எமக்கு ஒரு தனிச் சந்தோசம். அமெரிக்காவின் அல்பனி நகரில் ஒரு பாடசாலையில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்த ஜோசப் ஹென்றி, 1831இல் ஓர் அறைக்குள்ளேயே ஒரு மைலுக்கும் அதிக நீளமான வயரைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். ஒரு முனையில் மின்கலம். மறுமுனையில் மின்காந்தம், அதன் அருகில் அசையக்கூடிய ஒரு காந்தக் கோல். மின்னோட்டம் பாய்ந்ததும் கோல் திரும்பி மணியில் தட்டியது. தூரத்தில் உள்ள மணியை விரல் அசைவால் ஒலிக்கச் செய்யலாம் என்று அன்று நிரூபணமாயிற்று. தந்திக்கும் அதே தத்துவம்தான் பின்னர் வழிகாட்டியது.

அதற்குப் பின் வந்த 'ட்ரிங்' மணியை எமது மாணவர்கள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறார்கள். சுவிட்சை அழுத்தினால் மின்காந்தம் இரும்புத் தகட்டை இழுக்கும், சுத்தியல் மணியில் அடிக்கும். தகடு அசைந்ததும் சுற்று அறுபடும், காந்தம் விடும், தகடு திரும்பும், சுற்று மீண்டும் சேரும். விரலை எடுக்கும் வரை இதே ஓட்டம்.

இனித்தான் எமது கேள்வி. அந்த மணிக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. 1866இல் பிரான்சியரான ஜோர்ஜ் லெக்லான்ஷே ஒரு மின்கலத்தை உருவாக்கினார். கண்ணாடிச் சாடியில் அமோனியம் குளோரைட்டுக் கரைசல், அதில் ஒரு நாகக் கோல், நடுவில் காபன் கோலைச் சுற்றி மாங்கனீசீரொட்சைட்டு. கிடைத்தது ஏறத்தாழ 1.5 வோல்ட். அதற்கு ஒரு பலவீனம் இருந்தது. தொடர்ந்து மின்னோட்டம் எடுத்தால் களைத்துவிடும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் திரும்பவும் தெம்பு வரும். விளக்கு எரிக்க அது சரிவராது. ஆனால் வாசல் மணி ஒரு நாளில் எத்தனை தடவை அடிக்கப் போகிறது? இரண்டு மூன்று நொடி வேலை, பிறகு மணிக்கணக்கில் ஓய்வு. மணிக்கென்றே செய்தது போல அந்தக் கலம் பொருந்தியது. 1886இல் ஜேர்மனியரான கார்ல் காஸ்னர் கரைசலைப் பசையாக்கி நாகக் கோப்பைக்குள் அடைத்து உலர் மின்கலத்தைத் தந்தார். சிறு வயதில் தீர்ந்துபோன டோர்ச் பட்டரியை உடைத்துக் கரிக்கோல் எடுத்து மதிலில் எழுதினோமே, அது இந்தக் குடும்பத்துப் பட்டரிதான்.

ஆகவே வாசல் மணி பிறந்ததே பட்டரியில்தான். வீட்டு மின்சாரம் அதற்குப் பிறகு வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வீடுகளுக்கு ஆடலோட்ட மின்சாரம் பரவியபோது, சுவர்களில் ஏற்கனவே மெல்லிய மணி வயர்களும் சில வோல்ட்டில் அடிக்கும் மணிகளும் இருந்தன. பட்டரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் படிகுறை நிலைமாற்றி ஒன்றை வைத்தார்கள். நாம் ட்ரான்ஸ்ஃபோமர் என்கிறோமே, அதுதான். வீட்டு மின்சாரத்தை அது சில வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுத்தது. பிரித்தானியாவில் 8 வோல்ட், அமெரிக்காவில் 16 வோல்ட் போன்ற அளவுகள் பழக்கத்துக்கு வந்தன. இதில் ஒரு புத்தியும் இருக்கிறது. மணிச் சுவிட்ச் வெளியில், மழையில், அந்நியரின் விரல் படும் இடத்தில் இருப்பது. அங்கே உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் போகக் கூடாது.

எமது நாட்டின் கதை வேறு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே இலங்கையின் நீர்மின் வளம் பற்றி ஆய்வுரை சமர்ப்பித்தார். ஆனால் லக்ஷபான நிலையத்திலிருந்து மின்சாரம் கிடைக்க 1950 ஆயிற்று. இலங்கை மின்சார சபை 1969 நவம்பர் முதலாம் திகதி உருவானது. எமது ஊர்ப் பக்கத்துப் பல வீடுகளுக்குக் கரண்ட் வந்தது அதற்கும் எவ்வளவோ பிந்தி. குப்பி விளக்கில் படித்து உத்தியோகம் எடுத்தவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். பட்டரி மணிக் காலத்தை நாம் காணவில்லை. சுவரில் மெல்லிய வயரும் இல்லை, ட்ரான்ஸ்ஃபோமரும் இல்லை. நாம் மணி வாங்கத் தொடங்கியபோது நேரே 230 வோல்ட்டில் அடிக்கும் மணிதான் கடையில் கிடைத்தது. வயரிங் செய்தவர் லைட் சுவிட்சுக்கு வயர் இழுப்பது போலவே கேற்றுக்கும் இழுத்தார். அதற்கென்று செய்த சுவிட்சும் சரியான வயரும் இருந்தால் அது வேலை செய்யும். ஆனால் அது வேறு வயர். மாமியின் கேற்றுத் தூணில் நாம் பார்த்தது இந்த வரலாற்றைத்தான்.

இனி 'வீடியோ' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுண் என்ற தாதி இருந்தார், கறுப்பினப் பெண்மணி. அவருடைய கணவர் அல்பர்ட் ஓர் இலத்திரனியல் தொழினுட்பவியலாளர். இருவருக்கும் நேரகாலம் இல்லாத வேலை. பல இரவுகளில் மேரி வீட்டில் தனியே இருக்க நேர்ந்தது. பொலிஸை அழைத்தாலும் அவர்கள் வந்து சேர நேரமாகும். கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று திறக்காமலே பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள், அவற்றுக்கு ஏற்ப மேலும் கீழும் நகரும் கமெரா, படுக்கையறையில் ஒரு டிவித் திரை, வந்தவரோடு பேச மைக், விரும்பினால் தூர இருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான். 1966இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பர் 2ஆம் திகதி கணவனும் மனைவியும் காப்புரிமை பெற்றார்கள். எமது மின்சார சபை பிறந்து ஒரு மாதம் கழித்து.

மேரியின் கதையை வாசித்தபோது மாமியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஊரும் மொழியும் மார்க்கமும் வேறு. மஃரிபுக்குப் பிறகு கதவு தட்டப்படும்போது வரும் பயம் ஒன்றே.

ஆனால் மேரியின் அமைப்புக்கு டிவி வேண்டும், கமெரா வேண்டும், அத்தனைக்கும் வீட்டு மின்சாரம் வேண்டும். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய ஒன்றாக அது மாற மூன்று விடயங்கள் சேர வேண்டியிருந்தன: 1991இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயன் பட்டரி, 1997இல் முதல் தரம் வெளியான வைபை, பிறகு எல்லோர் கையிலும் ஸ்மார்ட் போன். ஜேமி சிமினோவ் என்ற அமெரிக்கர் தன் கராஜில் வேலை செய்யும்போது வாசல் மணி கேட்கவில்லை என்பதற்காக, போனுக்கு அழைப்பு வரும் மணி ஒன்றைச் செய்தார். 2013இல் ஒரு டிவி நிகழ்ச்சியில் முதலீடு தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினார். பிறகு 'ரிங்' என்று பெயர் மாறிய அவருடைய நிறுவனத்தை 2018இல் அமேசன் வாங்கியது.

இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் தங்கள் ஊர்ச் சுவர்களில் இருக்கும் மணி வயரை நினைத்துத்தான் 16 முதல் 24 வோல்ட் என்று எழுதினார்கள். அந்த வயர் இல்லாதவர்களுக்காகப் பட்டரியை வைத்தார்கள். லெக்லான்ஷேயின் சாடி நூற்றைம்பது வருடம் கழித்து வேறு வடிவில் திரும்பி வந்தது என்று சொல்லலாம். வேலை செய்யும் முறையும் அதேதான். பட்டரி டோர்பெல் பெரும்பாலான நேரம் தூங்குகிறது. ஆள் அசைவை உணரும் சிறிய உணரி மட்டும் விழித்திருந்து, தேவைப்படும்போது கமெராவையும் வைபையையும் எழுப்புகிறது.

அப்படியானால் மணி வயர் இல்லாத எமது வீடுகளில் என்ன செய்யலாம்? படித்ததையும் செய்து பார்த்ததையும் வைத்துச் சொல்கிறோம்.

ஒன்று, பட்டரியிலேயே விடுவது. வயர் வேலை இல்லை, ஆபத்தும் இல்லை. கமெரா தெருவைப் பார்த்தபடி இருந்தால் போகிற ஒவ்வொரு முச்சக்கரவண்டிக்கும் விழிக்கும், பட்டரி சீக்கிரம் இறங்கும். வாசலை மட்டும் பார்க்கும்படி திருப்பி, போனில் அசைவு எல்லையைச் சுருக்கினால் நாள் நீடிக்கும். பின்னேர வெயில் நேரே அடிக்கும் தூணில் பூட்ட வேண்டாம். கடும் சூடு லித்தியம் பட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

இரண்டு, வீட்டுக்குள் உள்ள பிளக் பொயின்டில் அடப்டர் ஒன்றைச் செருகி, குறைந்த வோல்ட் வயரை மட்டும் வெளியே கொண்டு வருவது. வாங்கும்போது வோல்ட் அளவோடு, ஆடலோட்டமா நேரோட்டமா என்பதையும் கருவியின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். சில வகைகளில் இடையே மணி இல்லாமல் நேரே இணைத்தால் ஒரு தடையி போட வேண்டும் என்று கையேடு சொல்லும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

மூன்று, தகுதியான மின் தொழினுட்பவியலாளரைக் கொண்டு ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றைப் பூட்டி, கேற்றுக்குப் புதிய மெல்லிய வயர் இழுப்பது. புதிதாக வீடு கட்டுபவர்கள் இப்போதே ஒரு தனிக் குழாய் போட்டு வைத்தால் பிறகு சுவர் உடைக்கத் தேவையில்லை. அந்தக் குழாய்க்குள் 230 வோல்ட் வயரைச் சேர்த்து ஓட்டக் கூடாது.

நான்கு, நெட்வேர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை. இதற்கான தரம் 2003இல் வந்தது. பொதுவாக 48 வோல்ட் அளவில் ஒரே கேபிள் கரண்டையும் படத்தையும் சுமக்கும். எல்லாக் கருவியும் இதை ஏற்காது, செலவும் கூட. பள்ளிவாசல், பாடசாலை போன்ற இடங்களுக்குப் பொருத்தம்.

சிறிய சூரியப் பலகை கொழுவும் பட்டரி வகைகளும் உண்டு. எமது வெயிலுக்கு நல்லதுதான், பலகை போர்ட்டிகோ நிழலில் இல்லாவிட்டால்.

எமது நாட்டில் இன்னொன்றையும் மறக்க முடியாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கால் முழு நாடும் இருண்டது. கரண்ட் போனால் அடப்டரில் உள்ள மணி நின்றுவிடும். பட்டரி மணி உயிரோடு இருக்கும், ஆனால் வீட்டு ரவுட்டர் அணைந்துவிட்டால் கட்டாரில் உள்ள மகனின் போன் அடிக்காது. ஆகவே ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வாங்குவதும் இந்தக் கணக்கில் சேரும். உம்மா இருட்டில் இருக்கும் நேரத்தில்தானே மகனுக்கு அந்தப் படம் தேவை?

கடைசியாக ஒரு விடயம். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. வீட்டுத் துவாரம் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்த சந்தர்ப்பத்தில் சொன்னது அது. அவர்கள் பிறர் வாசலுக்குப் போனால் கதவுக்கு நேரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பார்கள் என்றும் வருகிறது. இந்தக் கருவி எமக்குக் கொடுப்பது ஒரு கண். ஒழுங்கைகள் ஒடுங்கிய ஊர் இது. எமது தூணில் பூட்டும் கமெரா எதிர்வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் ராத்தாவைப் பதிவு செய்துகொண்டிருந்தால், எமது வீட்டைக் காக்கப் போய் அவர்களுடைய ஹக்கை நாம் பறிக்கிறோம். பூட்டிய அன்றே எதிர்வீட்டாரைக் கூப்பிட்டுத் திரையில் என்ன தெரிகிறது என்று காட்டுவது நல்லது. ஒலிப் பதிவை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிடலாம். குறித்த இடத்தைத் திரையில் மறைக்கும் வசதியும் பல கருவிகளில் உண்டு.

மாமி வீட்டில் நாம் செய்தது இதுதான். பழைய மணிக்குப் போன 230 வோல்ட் வயரை ஒரு மின் தொழினுட்பவியலாளர் வந்து மெயினில் இருந்தே பிரித்து, முனைகளை மூடிவிட்டார். டோர்பெல்லை கேற்றில் பூட்டாமல், போர்ட்டிகோவுக்குள் வாசல் கதவருகே பட்டரியோடு பூட்டினோம். எதிர்வீட்டு முற்றம் தெரிந்த மூலையைத் திரையில் மறைத்தோம். எதிர்வீட்டு ராத்தா வந்து பார்த்துவிட்டு, "இப்பச் சரி" என்றார். பட்டரி இறங்கினால் சார்ஜ் போடுவது மூத்த பேரனின் பொறுப்பு.

அந்தத் தம்பியும் கூடவே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். இனி எந்த வீட்டிலும் மீற்றர் வைக்காமல் பெல் வயரைத் தொடமாட்டேன் என்றார். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு பெட்டி வந்திருந்தால், திறந்தவுடன் அதில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். சுவரில் உள்ளதை, தெரிந்தவரைக் கொண்டு அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் தொட வேண்டாம்.

தனியே இருக்கும் எமது உம்மாமாரையும், தூர தேசத்தில் அவர்களை நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.